கண் சிமிட்டினால்தான் கணக்கா?

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

இடம்: ஒரு வங்கி. காலம்: 2023ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். பாத்திரங்கள் மூன்று: ஒரு நங்கை, ஓர் அலுவலர், ஒரு கருவி.

"கருவியை நோக்குங்கள் அம்மா! படம் எடுக்க வேண்டும்."

"நோக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்."

"கண்களை மூடித் திறவுங்கள்!"

"இயலாது, ஐயா."

"இமைத்தால்தான் உயிருள்ளவர் என்று கருவி ஒப்புக்கொள்ளும்."

"உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேனே! உயிரில்லாமலா?"

"எனக்குத் தெரிகிறது அம்மா... கருவிக்குத் தெரியவில்லையே!"

திரை!

உரையாடல் என் கற்பனை. நிகழ்ச்சி கற்பனையன்று. அந்த நங்கையின் பெயர் பிரக்யா பிரசூன். அமிலம் வீசப்பட்டு, முகம் வெந்து, கண்ணிமைகள் அசையாது போனவர். கொடியவன் ஒருவன் பறித்தது முகத்தை. மீதமிருந்த உரிமையைப் பறிக்க வந்தது ஒரு பெட்டி! "இமை கொட்டு, கணக்குத் தருகிறேன்; கொட்டாவிட்டால் நீ உயிரோடில்லை" என்று அது தீர்ப்பளித்தது. அவர் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. உச்சநீதிமன்றத்தின் படியேறினார். பார்வையற்ற வேறொருவரும் தனியே வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரல் 30ஆம் நாள், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அமர்ந்த மன்றம் தீர்ப்பு வழங்கிற்று. மின்னணு வழியில் அரசையும் வங்கியையும் அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று சொல்லிற்று. அத்தோடு நிற்காமல் இருபது கட்டளைகளையும் இட்டது. உயிருடன் இருப்பதைக் காட்டக் கண் சிமிட்டல் ஒன்றே வழியாக இருக்கலாகாது. தாளில் எழுதிக் கொடுக்கும் பழைய முறையும் தொடர்ந்து இருந்தாக வேண்டும். இணையதளங்களையும் செயலிகளையும் குறித்த காலந்தோறும் தணிக்கை செய்தாக வேண்டும். புதிதாக ஒன்றை ஆக்கும்போது பார்வையற்றோரைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பன அவற்றுட் சில.

தீர்ப்பை எழுதிய நீதிபதி மகாதேவன், நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்றவர். மகிழ்ச்சிதான். ஆனால், தோழர்களே! டெல்லியில் தீர்ப்பு வந்துவிட்டது. துடியலூரில் என்ன வந்தது?

துடியலூர்க்காரன் நான். மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்திலிருந்து இறங்கி, சந்தைப் பக்கமாக நாலு எட்டு நடந்தால் ஒரு தேநீர்க் கடை. ஒரு காலத்தில் அதன் பக்கத்துத் திண்ணைதான் நமது படிப்பகம். நம் இயக்கம் வளர்ந்த கதையை எழுதப் புகுவோர் மாளிகைகளை எழுத வேண்டா. முடிதிருத்தகங்களையும் தேநீர்க் கடைகளையும் மிதிவண்டிக் கடைகளையும் எழுதட்டும்! ஒருவர் ஏட்டை விரித்து உரக்கப் படிப்பார், பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பர். எழுதப் படிக்கத் தெரியாதவனும் கேட்டான், கேட்டுக் கேட்டே பேசினான், பேசிப் பேசியே ஊரை மாற்றினான். ஏடு எழுத்தாக அச்சேறிற்று. ஒலியாகவே ஊர் சேர்ந்தது.

அந்தத் திண்ணையில் நாற்பதாண்டுகள் அமர்ந்தவர் ஒருவர் இன்றும் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். பெயர் எழுதாதே என்றார், எழுதவில்லை. பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். கண்ணின் நீரழுத்த நோய் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்றுவிட்டது. முன்பு அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றவில்லையாம். "படிக்கிறவன் எவனாவது இருப்பானுங்க தம்பி, நான் கேட்டுக்குவேன்" என்பார். இன்றோ திண்ணை இல்லை. அவரவர் கையில் அவரவர் கைப்பேசி. பத்துப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். பத்துப் பேரும் வாய் திறவாமல் படிக்கிறார்கள். பதினொன்றாமவர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்பது எவருக்கும் நினைவில்லை!

பேத்தி கெட்டிக்காரி. தாத்தாவுக்கு ஒரு கைப்பேசி கொடுத்து, அதற்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் குரலை எழுப்பிவிட்டாள். ஆண்ட்ராய்டு கருவியில் அதற்கு டாக்பேக் என்று பெயர். ஆப்பிள் கருவியில் வாய்ஸ்ஓவர். திரைமீது விரலை நகர்த்தினால், விரலுக்குக் கீழே உள்ளதை வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் அந்தப் பொத்தான் இயங்கும். பெரியவர் ஒரு திங்களில் கற்றுக்கொண்டார். பேசுவார், செய்தி கேட்பார், பணமும் அனுப்புவார். சென்ற தை மாதம் ஒரு மாலைப் பொழுது, அருகழைத்துக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, நம்ம கட்சிக் குழுவுல தெனம் காலையில என்னமோ வருதுங்களே, அது என்னங்க?"

"நம் ஏடு அண்ணா! தலையங்கம், தலைவர் அறிக்கை, கூட்ட அறிவிப்பு... எல்லாம் வருகிறது."

"அப்படீங்களா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதுங்க."

கைப்பேசியை நீட்டினார். விரலை வைத்தார். "படம்" என்றது குரல். அடுத்ததற்கு நகர்த்தினார். "படம்." அடுத்தது? "படம்." தலையங்கமும் படம், அறிக்கையும் படம், மறியல் போராட்டத்துக்கு வா என்ற அழைப்பும் படம்! எழுத்தை ஒளிப்படமாகப் பிடித்து நாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கண்ணுள்ளவனுக்கு அது எழுத்து. கருவிக்கு அது வெறும் படம், மலையின் படம் போல, மாட்டின் படம் போல! நாற்பதாண்டு உழைத்த தொண்டருக்கு அவருடைய இயக்கம் நாள்தோறும் அனுப்பிய செய்தி ஒரே ஒரு சொல்தான் என்று அறிந்தபோது, மேடையில் மணிக்கணக்காக முழங்கும் இந்த நாவுக்கு அன்று மறுமொழி எழவில்லை.

இந்தக் கட்டுரையை வங்கிமீது கல்லெறிவதோடு முடித்துவிட என்னால் ஆகாது என்பதற்கு அதுவே காரணம். கல்லைக் கையில் எடுத்தபோது, என் வீட்டுக் கூரையும் கண்ணாடி என்பது தெரிந்துவிட்டது.

"இப்போது கருவிகளே படத்திலுள்ள எழுத்தையும் படித்துவிடுகின்றனவே!" என்று கணினி கற்ற தம்பிகள் சிலர் சொல்லக்கூடும். படிக்கின்றன. ஆனால் எப்படிப் படிக்கின்றன என்று கேட்டீர்களா? ஏட்டின் பக்கத்தில் ஐந்து பத்திகள் உண்டல்லவா? முதற்பத்தியின் முதல் வரியை முடித்தவுடன் அடுத்த பத்தியின் முதல் வரிக்குத் தாவிவிடுவதும் உண்டு. ஆளுநருக்கு எழுதிய கண்டனமும், அதனருகே அச்சான கண்ணீர் அஞ்சலி விளம்பரமும் கலந்து ஒலித்த கோலத்தை நான் கேட்டேன். சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் சிரிக்கவில்லை.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. தமிழுக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்த மரபினர் என்று மார்தட்டும் நாம், அதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டும். கணினியில் தமிழ் நுழைந்த தொடக்க நாட்களில், ஆளுக்கொரு எழுத்துருவை ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய அறையில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து குடிவைத்தார்கள். கண்ணுக்குத் தமிழ்; கருவியின் நெஞ்சுக்குள் ஆங்கிலம்! பாமினி என்ற எழுத்துருவில் "வணக்கம்" என்று அடித்துவிட்டுக் கருவியைப் படிக்கச் சொன்னால் என்ன சொல்லும் தெரியுமா? "டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி!" வணக்கம் சொன்னவனுக்கு வந்த மறுமொழி இது. இவன் தமிழில்தான் எழுதினான். அவர் தமிழில் கேட்க வழியில்லை.

இந்த அவலம் தீரத்தான் ஒருங்குறி வந்தது. உலகின் எந்தக் கருவியிலும் 'க' என்றால் 'க' தான் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்த முறை அது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை, நம் கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, நினைவிருக்கிறதா? ஊர்வலத்தின் அலங்கார ஊர்திகள் நினைவிருக்கும். அதே ஜூன் திங்களில், ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் அரசின் தரமாக ஏற்று ஆணை பிறந்தது என்பது பலருக்கு நினைவிராது. ஊர்திகளை விட அந்த ஆணை பெரிது என்று நான் கருதுகிறேன். ஆனால் ஆணை பிறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகளும், தாளை ஒளிவருடி ஏற்றிய அறிவிப்புகளும் அலுவலகந்தோறும் உலவுகின்றன. அவற்றைப் பார்வையற்ற ஒரு பட்டதாரி தன் கருவிகொண்டு படிக்கப் புகுந்தால், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதே அவருக்குத் தெரியாது. கடைசி நாள் கடந்த பின் எவராவது சொல்வார்கள்.

தமிழ் அழகாகத் தெரிந்தால் போதும் என்பது கண்ணுள்ளவனின் தமிழ்ப்பற்று. தமிழ் ஒலிக்கவும் வேண்டும்.

சொல்லை மாற்றுவதில் நாம் சோர்ந்தவர்களல்லர். 'ஊனமுற்றோர்' என்ற சொல் நெஞ்சைக் குத்துகிறது என்று அதை நீக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை 2010இல் அரசின் ஏடுகளில் ஏற்றியவர் கலைஞர். தனித் துறையும் கண்டார். 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றத்தில் திருத்தங்கள் வந்தன. போற்றுகிறேன். ஆனால் மன்றத்தில் நாற்காலி தந்துவிட்டு, மன்றத்தின் நிகழ்ச்சி நிரலைப் படமாக அனுப்பினால், அந்த நாற்காலியில் அவர் எதைக் கொண்டு வாதாடுவார்? கையைத் தூக்குவதற்கா நாற்காலி?

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தந்தை பெரியார் தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் ஊர் ஊராக வந்தார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராயர் நகரில் பேசியது வரை ஓயவில்லை. கலைஞரும் பிற்காலத்தில் சக்கர நாற்காலியில்தான் தேர்தல் களம் கண்டார். அப்போதெல்லாம் மேடைக்குச் சாய்தளம் அமைத்தோம். ஒரே இரவில் அமைத்தோம். தச்சனைத் தேடி ஓடினோம். செலவு என்ன என்று எவரும் கேட்கவில்லை. தலைவர்கள் வந்துபோன பின், அந்தப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனோம். மேடையின் கீழே, முதல் வரிசைக்கும் வர முடியாமல், மூன்று சக்கர வண்டியில் தொலைவில் நின்றவன் தொண்டன். அவனுக்கென்று பலகை அடித்தோமா?

இனி, கொங்கு நாட்டு வணிகப் பெருமக்களிடம் இரண்டு சொல்.

நீங்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கண் மருத்துவ முகாமுக்குக் கொடுக்கிறீர்கள், மூன்று சக்கர வண்டி வழங்குகிறீர்கள், படம் எடுத்து நாளிதழில் போட்டுக்கொள்கிறீர்கள். ஆனால் நான் கொடையைப் பேச வரவில்லை. கடையைப் பேச வந்தேன். கடைவாயிலில் ஒருவர் பணத்தோடு வந்து நிற்கிறார். உள்ளே வர வழியில்லை. கதவைத் திறக்காத கடைக்காரனுக்குக் கொங்கு நாட்டில் என்ன பெயர் வைப்பீர்கள்? ஏமாளி என்பீர்கள் அல்லவா! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அதுவும் பழைய கணக்கு. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்துவிட்டது. அவர்களுக்கு வீடு உண்டு, மக்கள் உண்டு, மாவு அரைக்க வேண்டிய தேவையும் உண்டு.

மாவு என்றதும் கிரைண்டர் நினைவுக்கு வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற நம் கோவைக் கிரைண்டர்! பழைய கிரைண்டரில் குழவியைத் தூக்கி வைத்துத்தான் மாவை வழிக்க வேண்டும். இடுப்பு வலிக்காரிக்கு அது தண்டனை. முதியவளுக்கு அது இயலாது. பின்னர்ச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது. கைப்பிடியைத் தள்ளினால் உருளை சாய்ந்து மாவைக் கொட்டிவிடும். அதை வலுவில்லாதவர்கள் மட்டுமா வாங்கினார்கள்? மலையைப் பெயர்க்கும் வலுவுள்ளவளும் அதைத்தான் கேட்டாள்! மெலிந்தோருக்கு எளிதானது எல்லாருக்கும் எளிதாகும் என்ற வித்தையை அறிந்த ஊர், அந்தக் கிரைண்டரை விற்கும் இணையதளத்தில் மட்டும் அதை மறந்துவிட்டது. படத்துக்கு விளக்கம் இல்லை. விலை எங்கே என்று குரல் சொல்வதில்லை. "வாங்குக" என்று எழுத வேண்டிய பொத்தானுக்குப் பெயரே வைக்கவில்லை. பெயரிடாத பொத்தான் என்று கருவி சொல்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்க ஊரைக் கூட்டும் நாம், பொத்தானுக்குப் பெயர் வைக்க ஒரு நிமிடம் செலவிடவில்லை.

தட்டச்சுப் பொறி கண்ட கதையும் இதுவே. 1808ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டுப் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த தோழி ஒருத்தி தன் கையாலேயே மடல் எழுதட்டும் என்று ஒரு பொறி செய்து கொடுத்தார். அந்த மங்கை அதில் அடித்த மடல்கள் இன்றும் உள்ளன. ஒருத்திக்காகப் பிறந்த அந்தக் கருத்து, பிற்காலத்தில் உலகத்து அலுவலகங்களையெல்லாம் ஆண்டது. கண்ணில்லாதவளுக்கு எதற்கு எழுத்து என்று துர்ரி எண்ணியிருந்தால்?

இலாபக் கணக்கு உறைக்கவில்லை என்றால் நட்டக் கணக்கைப் பாருங்கள். ஆத்திரேலிய நாட்டில், புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தைத் தம்மால் படிக்க இயலவில்லை என்று முறையிட்டார். திருத்துவது பெருஞ்செலவு என்றது குழு. 2000ஆம் ஆண்டில் அவருக்கு 20,000 ஆத்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் கில்லர்மோ ரோபிள்ஸ் என்ற பார்வையற்றவர், டோமினோஸ் பீட்சா நிறுவனத்தின் தளத்திலும் செயலியிலும் தம்மால் உணவு வாங்க முடியவில்லை என்று 2016இல் வழக்கிட்டார். நிறுவனம் உச்சநீதிமன்றம் வரை ஓடிற்று. 2019 அக்டோபரில் அம்மன்றம் அதன் முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. ஒரு வட்டமான ரொட்டியை விற்பதற்கு எத்தனை ஆண்டு வழக்கு!

ஐரோப்பிய ஒன்றியமோ, மின்வணிகம், வங்கி, மின்னூல், பயணச்சீட்டு, கைப்பேசி, பணப்பொறி அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் கையாளத்தக்கனவாக இருந்தாக வேண்டும் என்ற சட்டத்தை 2025 ஜூன் 28 முதல் நடப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் சின்னஞ்சிறு சேவை நிறுவனங்களுக்குத்தான் விலக்கு. இது நமக்கு எட்டாத செய்தியா? துடியலூரிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் சரவணம்பட்டி. அங்கும் பீளமேட்டிலும் அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் மென்பொருள் மாளிகைகளில் வேலை செய்வோர் நம் பிள்ளைகள். ஐரோப்பியக் கடைக்குத் தளம் எழுதும்போது, பொத்தானுக்குப் பெயர் வைக்கிறார்கள், படத்துக்கு விளக்கம் எழுதுகிறார்கள், நிறத்தின் அழுத்தத்தை அளக்கிறார்கள். வைக்காவிட்டால் வேலையை ஏற்க மாட்டான் அயலான். ஆக, செருமானிய நாட்டில் பார்வையற்ற ஒருவருக்குக் கதவைத் திறந்து வைப்பவன் நம்மூர்த் தம்பி. மாலையில் வீடு திரும்புகிறான். அடுத்த தெருப் பெரியவரின் கைப்பேசி "பெயரிடாத பொத்தான்" என்று புலம்புகிறது. அறிவில்லை என்று சொல்ல முடியுமா? ஆள் இல்லை என்று சொல்ல முடியுமா? கேட்பார் இல்லை, அதுதான் உண்மை.

சட்டமில்லையா இங்கே? இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு தரும் சேவையானாலும் தனியார் தரும் சேவையானாலும், விதிகள் வந்து இரண்டாண்டுக்குள் அனைவரும் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். இரண்டாண்டு 2019இலேயே கழிந்துவிட்டது. மீறினால் முதன்முறை பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் வரை. இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரமும் வெளிவந்திருக்கிறது. பிறகு ஏன் நடக்கவில்லை? ஒன்றிய அரசு எழுதிய விதிகளில் ஓர் ஓட்டை. சட்டம் "செய்தாக வேண்டும்" என்றது. விதி "செய்தால் நன்று" என்ற தொனியில் வழிகாட்டுதல்களை அடுக்கிற்று! பார்வைக் குறைபாடுடைய இராசீவ் ரதூரி 2005இல் தொடங்கிய வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டு, கட்டாயமாக்கும் விதிகளை மூன்று திங்களில் வகுக்கப் பணித்தது. பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடி, "செய்தால் நன்று" என்பதைச் "செய்தாக வேண்டும்" என்று மாற்ற ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

செலவாகும் என்போர்க்கு ஒரு செய்தி. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற ஆத்திரேலிய இளைஞர்கள், திரையைப் படிக்கும் மென்பொருள் விலை தாங்காது என்று கண்டு, 2006 முதல் தாங்களே ஒன்றை எழுதி உலகுக்கு விலையின்றி வழங்கினார்கள். என்.வி.டி.ஏ. என்று பெயர். படிக்கும் குரலுக்குக் காசில்லை. படிக்கத் தக்கதாக நாம் எழுதிக் கொடுக்க வேண்டியதே மிச்சம். கட்டி முடித்த வீட்டை இடித்துப் படியைச் சாய்தளமாக்கத்தான் செலவு. கட்டும்போதே அமைத்தால் என்ன செலவு?

பார்வையற்றோரை மட்டுமே பேசிவிட்டேன். அது என் பெரியவரின் பொருட்டு. காது கேளாத தோழனுக்கு என் மேடை முழக்கமெல்லாம் வாயசைவு மட்டுமே. ஒளிப்பதிவின் கீழே எழுத்து ஓடினாலன்றி, நான் வாழ்த்துகிறேனா வைகிறேனா என்பதே அவனுக்குத் தெரியாது. பிரஸ் ஷாப்பில் இரும்புக்கு விரலைக் கொடுத்துவிட்டு வந்த தொழிலாளியிடம், "விரல் வை" என்று கருவி நீட்டப்படுகிறது. அறுபதைத் தாண்டிய எவருக்கும், சாம்பல் நிறத் தரையில் வெளிர்சாம்பல் எழுத்து தெரியாது. அதை அழகு என்று வரைபவனுக்கு இருபத்தைந்து வயது. ஒருமுறைக் கடவுச்சொல் சிறிது நேரத்தில் காலாவதியாகிறது. கை நடுங்குபவர் நான்கு எண்ணை அடிப்பதற்குள் கதவு சாத்தப்படுகிறது.

நம் பக்கத்தில் வழிகாட்ட ஆளில்லாமலும் இல்லை. துடியலூரைக் கடந்து மேட்டுப்பாளையம் சாலையில் போனால் பெரியநாயக்கன்பாளையம். அங்கே இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வியைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் நூறு வழக்கு இருக்கலாம். கற்றுக்கொள்வதில் வழக்கு வேண்டா.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வட்டக் குழுவில், படமாக வரும் ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் அதையே எழுத்தாக அடித்துப் போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். "இருக்கிற வேலைக்கு இது வேறா?" என்றார் ஒருவர். "ஒருத்தருக்காகவா?" என்றார் மற்றொருவர். பெரியவர் அதே கூட்டத்தில்தான் அமர்ந்திருந்தார். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒருத்தன்னு எப்படீங்க எண்ணுனீங்க? கேக்க முடியாதவன் குழுவை விட்டுப் போயிருப்பானுங்களே!" தீர்மானம் நிறைவேறிற்று. இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் வாரம் மறந்தோம். பெரியவர் "படம்" என்ற ஒரே சொல்லைக் குழுவில் அனுப்பினார். மீண்டும் நடக்கிறது. நமது ஏட்டின் ஆசிரியர் குழுவுக்கும் இதே வேண்டுகோளை எழுதியனுப்பியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அவர்கள் வெளியிட்டிருப்பதே நல்ல அறிகுறி என்று கொள்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

அச்சுக்கு அனுப்புமுன், இதை ஒருங்குறி எழுத்தாக அவருக்கு அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார்.

"முழுசும் கேட்டுட்டனுங்க தம்பி. கிரைண்டரைப் பத்தி ரொம்ப நீட்டிட்டீங்க, கொஞ்சம் வெட்டுங்க."

"வேறு ஏதாவது அண்ணா?"

"ஒரு எடத்துல 'உரிமை'க்கு 'ரி' விட்டுப்போச்சுங்க. எனக்கு 'உமை'ன்னு படிச்சுது."

'ரி'யைச் சேர்த்துவிட்டேன். கிரைண்டரை வெட்டவில்லை.